பெட்டி இங்கே, சாவி எங்கே?

முதலியார்பேட்டையில் ஒரு சாதாரண வீட்டின் அலமாரியைத் திறந்தால், ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீது, பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றோடு வீட்டு வரி ரசீதும் ஒரு பையில் போட்டு வைக்கப்பட்டிருக்கும். வங்கியில் கடன் கேட்கும்போதும், வீட்டைப் பிள்ளைகளின் பெயருக்கு மாற்றும்போதும் அது வெளியே வரும். மற்ற நாள்களில் அதை எவரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அதில் எழுதியுள்ள தொகை எங்கே செல்கிறது? தெருவிளக்குக்கும், கழிவுநீர்க் கால்வாய்க்கும், குப்பை வண்டிக்கும் அது போதுமா? போதவில்லையென்றால் மீதியைத் தருபவர் யார்? இவற்றை நாம் வீட்டிலே பேசுவதில்லை. சட்டமன்றத் தேர்தல் வந்தால் விடிய விடியப் பேசுகிறோம். டெல்லியில் யார் ஆட்சி என்று பேசுகிறோம். வாசற்படிக்கு வெளியே தொடங்கும் ஆட்சியை மட்டும் மறந்துவிடுகிறோம்.

கண்ணியமிகு வாசகர்களே! இம்மாதம் அந்த ரசீதைச் சற்றே வெளியே எடுத்துப் பார்ப்போம்.

சந்தாவும் நன்கொடையும்

உள்ளாட்சி நிதி என்றதும் ஏதோ கணக்கு வல்லுநர்களின் சங்கதி என்று அஞ்ச வேண்டியதில்லை. நமது மஹல்லாவில் நடப்பதையே எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு வீடு மாதச் சந்தா வசூலிக்கப்படுகிறது. பள்ளிவாசல் கடைகளின் வாடகை வருகிறது. வரவு செலவுக் கணக்கு ஜமாஅத்தார் முன்னிலையில் வாசிக்கப்படும்போது, மாதம் இருபது ரூபாய் கொடுத்தவரும் எழுந்து, "ஒலிபெருக்கி பழுதுபார்க்க இவ்வளவா?" என்று கேட்கிறார். முத்தவல்லி பதில் சொல்கிறார். பதில் திருப்தியளிக்காவிட்டால் அடுத்த முறை வேறொருவர் முத்தவல்லியாகிறார்.

இப்போது வேறொரு நிலையை எண்ணிப் பாருங்கள். தொலைவிலுள்ள ஒரு செல்வந்தர், "சந்தாவே வேண்டாம், எல்லாச் செலவையும் நானே ஏற்கிறேன்" என்கிறார். பளிங்குத் தரை வருகிறது, புதிய மினாரா எழுகிறது. ஆனால் கணக்கு இனி அவருக்கே அனுப்பப்படும். தண்ணீர்த் தொட்டி முதலில் வேண்டுமா, மினாரா முதலில் வேண்டுமா என்பதை அவரே தீர்மானிப்பார். அவர் மனம் மாறினாலோ, அவருடைய வணிகம் நொடித்தாலோ ஊர் திகைத்து நிற்கும். இருபது ரூபாய் கொடுத்தவரின் குரலும் அடங்கிவிடும்.

அதற்காக வெளியுதவியே கூடாது என்று சொல்லிவிட முடியாது. ஏழைகள் மிகுந்த மஹல்லா தன் சந்தாவைக் கொண்டு மட்டும் பள்ளிவாசல் கட்ட இயலாது. சொந்த வருவாயும் வேண்டும், வெளியுதவியும் வேண்டும், இரண்டுக்கும் கணக்குக் கேட்க ஒரு சபையும் வேண்டும். உலகெங்கும் உள்ளாட்சி மன்றங்களுக்கும் மத்திய அரசுகளுக்கும் இடையே நடைபெறும் வழக்கு முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

முதலியார்பேட்டை தனி கொம்யூனாக இருந்த காலம்

இன்று புதுச்சேரி நகராட்சியின் பகுதியாக விளங்கும் நமது முதலியார்பேட்டை, ஒரு காலத்தில் தனக்கென்று மேயரும் மன்றமும் கொண்ட தனி கொம்யூனாக இருந்தது என்பது இளைய தலைமுறையில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் கொம்யூன் ஆட்சிமுறையை ஏற்படுத்திய ஆணை 1880 மார்ச் 12ஆம் நாள் பிறந்தது. முதலில் பத்து கொம்யூன்கள் அமைந்தன. 1907இல் அவை பதினேழாகப் பிரிக்கப்பட்டபோது, புதுச்சேரிப் பகுதிக்கு மட்டும் எட்டு கொம்யூன்கள் கிடைத்தன. புதுச்சேரி, உழவர்கரை, அரியாங்குப்பம், வில்லியனூர், திருபுவனை, பாகூர், நெட்டப்பாக்கம் ஆகியவற்றோடு முதலியார்பேட்டையும் அவற்றுள் ஒன்று. அது முழுமையான மக்களாட்சியன்று. ஐரோப்பியருக்குத் தனி வாக்காளர் பட்டியல் இருந்தது, பெண்களுக்கு வாக்குரிமை இல்லை, மன்றத்தின் முடிவுகள் அந்நிய அரசின் மேற்பார்வைக்கு உட்பட்டிருந்தன. எனினும், தெருவின் தேவையைத் தெருவில் வாழ்பவரே பேசுவதற்கு ஒரு மன்றம் இருந்தது.

அந்த மன்றங்களுக்கு வரலாறு ஒரு பெரும்பணியை வைத்திருந்தது. 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். பிரதிநிதித்துவ சபையின் உறுப்பினர்களும், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் நகரமன்ற உறுப்பினர்களுமே அவர்கள். இந்தியாவோடு இணைவதா என்னும் கேள்விக்கு 170 பேர் ஆம் என்றனர், 8 பேர் இல்லை என்றனர். அதையடுத்து நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி இந்தியாவிடம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படி முழுமை பெற்றது.

சகோதர சகோதரிகளே, இதன் பொருளைச் சிந்தித்துப் பாருங்கள். நாம் எந்த நாட்டின் குடிமக்களாக வாழ்வது என்னும் மாபெரும் முடிவு, கால்வாயையும் தெருவிளக்கையும் கவனித்து வந்த உறுப்பினர்களின் கைகளுக்கும் தரப்பட்டது. அவர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதே அதற்கு அவர்கள் பெற்றிருந்த தகுதி.

அப்படிப்பட்ட மன்றங்களுக்குப் பின்னர் நேர்ந்தது என்ன? 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 1973இல் நகராட்சிகளுக்கு ஒன்றும் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு ஒன்றுமாக இரு சட்டங்கள் இயற்றப்பட்டு, 1974 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தன. சட்டம் வந்தது, தேர்தல் வரவில்லை. 38 ஆண்டுகளுக்குப் பின் 2006இல்தான் 5 நகராட்சிகளுக்கும், 10 கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும், 98 கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் தேர்தல் நடைபெற்றது. 2011இல் அம்மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. 2021இல் மீண்டும் தேர்தல் அறிவிக்கப்பட்டு, வார்டு ஒதுக்கீடு பற்றிய வழக்குகளால் நின்றுபோனது. 1968க்கும் 2021க்கும் இடைப்பட்ட அரை நூற்றாண்டில் நமது வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஒரேயொரு முறை கிட்டியது. தாத்தாக்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். பேரப்பிள்ளைகளுக்கு வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கக் கிடைத்தது அந்த ஒரு முறைதான்.

பணம் வரும் வழிகள்

இனி, பணப்பெட்டியைத் திறப்போம். ஒரு நகராட்சிக்குப் பணம் மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது, சொந்த வருவாய். வீட்டு வரி இதில் தலையாயது. தொழில் வரி, உரிமக் கட்டணம், அங்காடிக் கடைகளின் வாடகை ஆகியன அடுத்து வருவன. நமது பெரிய மார்க்கெட் எனப்படும் கூபேர் அங்காடியின் கடை வாடகை இவ்வகையைச் சேர்ந்ததே.

இரண்டாவது, மாநில அரசோ யூனியன் பிரதேச அரசோ தன் வரியில் பங்கிட்டுத் தருவதும், மானியமாக வழங்குவதும் ஆகும்.

மூன்றாவது, மத்திய அரசிடமிருந்து வருவது. இது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி வரும் மானியமாகவும் இருக்கலாம், இன்ன வேலைக்கென்று குறிக்கப்பட்ட திட்டப்பணமாகவும் இருக்கலாம்.

முதல் வழி விரிந்திருக்க வேண்டும். ஆனால் அது நாளுக்கு நாள் குறுகி வந்துள்ளது. தொழில் வரியைப் பாருங்கள். ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 276ஆம் பிரிவு வரம்பு கட்டுகிறது. அந்த வரம்பு 1988இல் செய்த திருத்தத்தின்படி அமைந்தது. 1988இல் 2,500 ரூபாய்க்கு என்ன வாங்கலாம், இன்று என்ன வாங்கலாம் என்பதைச் சமையலறை நிர்வாகம் செய்யும் தாய்மார்களே சொல்லட்டும்.

அடுத்து, 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. பல ஊர்களில் நகராட்சிகளுக்குப் பயன்பட்டுவந்த நுழைவு வரியும் விளம்பர வரியும் அதற்குள் கரைந்தன. உள்ளாட்சி மன்றங்களே விதித்து வசூலிக்கும் கேளிக்கை வரி மட்டும் தப்பியது. வரி விகிதங்களைத் தீர்மானிக்கும் ஜி.எஸ்.டி. மன்றத்தில் மத்திய அரசும் மாநிலங்களும் அமர்ந்திருக்கின்றன. நகராட்சிகளுக்கு அங்கே நாற்காலி இல்லை.

வீட்டு வரியிலும் ஒரு விலக்கு உண்டு. மத்திய அரசின் சொத்துகளுக்கு உள்ளாட்சிகள் வரி விதிக்கலாகாது என்பது 285ஆம் பிரிவு. ரயில்வே நிலமாயினும், மத்திய அரசு அலுவலகமாயினும் இதே விதிதான். ஆனால் அங்கும் சாலை வேண்டும், விளக்கு வேண்டும், குப்பை அள்ள வேண்டும். ராஜ்கோட் மாநகராட்சி தொடுத்த வழக்கில் 2009இல் உச்சநீதிமன்றத்தின் முன் ஓர் ஏற்பாடு பதிவாயிற்று. வரிக்குப் பதிலாகச் சேவைக் கட்டணம் தர வேண்டும், பெறும் சேவையின் அளவுக்கேற்ப அது சொத்து வரியில் 75 விழுக்காடாகவோ, 50 விழுக்காடாகவோ, மூன்றில் ஒரு பங்காகவோ இருக்கும் என்பதே அது.

இவற்றின் விளைவை எண்கள் காட்டுகின்றன. இந்திய நகராட்சி அமைப்புகளின் வருவாய் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஏறக்குறைய ஒரு விழுக்காட்டிலேயே பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தேங்கி நிற்பதாக ரிசர்வ் வங்கி 2022இல் எழுதியது. பிரேசிலில் அது 7.4 விழுக்காடு, தென்னாப்பிரிக்காவில் 6 விழுக்காடு. பஞ்சாயத்துகள் பற்றி அதே வங்கி 2024இல் வெளியிட்ட அறிக்கை இன்னும் கவலை தருவது. பஞ்சாயத்துகளின் வருவாயில் சொந்த வரி ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான். மத்திய, மாநில மானியங்கள் 95 விழுக்காடு. நமது உவமையில் சொன்னால், சந்தா ஒரு ரூபாய், செல்வந்தரின் நன்கொடை தொண்ணூற்றைந்து ரூபாய்.

மத்திய நிதியும் நமது நிலையும்

ஆயினும் மற்ற மாநிலங்களின் உள்ளாட்சிகளுக்கு அந்த நன்கொடையாவது உரிமையாக வருகிறது. அது எப்படி என்று பார்த்தால்தான் புதுச்சேரியின் தனித்த சிக்கல் விளங்கும்.

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம், 74ஆம் அரசமைப்புத் திருத்தங்கள் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் அரசமைப்பில் நிலையான இடம் தந்தன. ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் நடக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் பெண்களுக்கு வேண்டும், மாநிலந்தோறும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை உள்ளாட்சிகளுக்கான நிதிக்குழு அமைய வேண்டும் என்று அவை விதித்தன. அவற்றோடு 280ஆம் பிரிவிலும் ஒரு கடமை சேர்க்கப்பட்டது. மத்திய வரிகளை மாநிலங்களுக்குப் பங்கிடும் மத்திய நிதிக்குழு, உள்ளாட்சிகளின் வருவாய்க்குத் துணைசெய்யும் பொருட்டு மாநிலங்களின் தொகுநிதியை எவ்வாறு பெருக்கலாம் என்றும் பரிந்துரைக்க வேண்டும்.

அதன்படி பதினைந்தாம் நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு உள்ளாட்சிகளுக்கென 4,36,361 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. கன்னியாகுமரியிலுள்ள சிற்றூரும் காஷ்மீருக்கு அருகிலுள்ள இமாசலத்துச் சிற்றூரும் இதில் பங்குபெறும்.

புதுச்சேரி? இங்கேதான் சட்டத்தின் ஒரு சொல் நம்மை வெளியே நிறுத்துகிறது. நிதிக்குழுவின் பங்கீடு "மாநிலங்களுக்கு" உரியது. புதுச்சேரி யூனியன் பிரதேசம். 1963 முதல் நமக்குச் சட்டமன்றம் உண்டு, முதலமைச்சர் உண்டு, தனித் தொகுநிதி உண்டு. ஜி.எஸ்.டி. மன்றத்தில் மாநிலங்களோடு நமக்கும் இடம் உண்டு. ஆனால் நிதிக்குழுவின் பந்தியில் நமக்கு இலை போடப்படுவதில்லை. நமக்குரிய உதவியை மத்திய அரசு தன் வரவு செலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் ஒரு தொகையாகக் குறிக்கிறது. அதற்கு மாநிலங்களுக்குள்ளதுபோல் ஐந்தாண்டுச் சூத்திரமோ, நிலையான பங்கு விகிதமோ இல்லை. எனவேதான் நிதிக்குழுவின் வரம்புக்குள் எங்களையும் சேருங்கள் என்று புதுச்சேரியின் அரசுகள், கட்சி வேறுபாடின்றி, டெல்லியிடம் கேட்டு வந்துள்ளன.

அரசின் நிலையே இதுவென்றால் அதற்குக் கீழுள்ள நகராட்சியின் நிலையை என்னென்பது! மாநிலத்து நகராட்சிக்கு மத்திய நிதிக்குழு என்னும் கதவு ஒன்று கூடுதலாகத் திறந்திருக்கிறது. நமது நகராட்சிக்கு அக்கதவு சுவராக இருக்கிறது.

இதில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கதவு திறந்திருக்கும் மாநிலங்களிலும், முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தால்தான் உள்ளே செல்ல முடியும். அண்டையிலுள்ள தமிழ்நாடு இதை அனுபவித்து அறிந்தது. 2016 அக்டோபரில் அங்கு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தலின் பெரும்பகுதி 2019 டிசம்பரிலும், நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியிலும் நடந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாமையால் இடைக்காலத்தில் மத்திய மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகவே நாளையே சட்டம் திருத்தப்பட்டு நிதிக்குழுவில் நமக்கு இடம் கிடைத்தாலும், மன்றம் இல்லாத நகராட்சி வாசலிலேயே நிற்க நேரிடும். டெல்லியைக் குறை சொல்லும் நாக்கு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிற நாடுகளின் அனுபவம்

இது நமக்கு மட்டும் உரிய தொல்லையன்று. நமக்குக் கொம்யூன் முறையைக் கற்றுக்கொடுத்த பிரான்சு நாட்டில் ஏறக்குறைய 35,000 கொம்யூன்கள் உள்ளன. அவற்றின் முடிவுகளை மத்திய அரசின் அதிகாரி முன்கூட்டியே தடுக்கும் வழக்கம் 1982 மார்ச் 2ஆம் நாள் சட்டத்தால் நீங்கியது. அதிகாரம் கிடைத்தது. பின்னர் பணத்தில் சிக்கல் வந்தது. சொந்த வீடோ வாடகை வீடோ, குடியிருப்போர் யாவரும் செலுத்திவந்த குடியிருப்பு வரி, முதன்மை வீடுகளுக்கு 2023இல் முழுமையாக நீக்கப்பட்டது. குடும்பங்கள் மகிழ்ந்தன. ஈடாக வேறு வரிப் பங்கு கொம்யூன்களுக்குத் தரப்பட்டது. ஆயினும் குடியிருப்பவருக்கும் மன்றத்துக்கும் இடையிலிருந்த கயிறு அறுந்துவிட்டதாக மேயர்கள் வருந்தினார்கள்.

பிரிட்டனின் பாடம் வேறு. அங்கே 1990இல் இங்கிலாந்தில் தலைவரி விதித்தார்கள். ஒரே மன்றத்தின் எல்லைக்குள் மாளிகைவாசியும் கூலித்தொழிலாளியும் ஒரே தொகை கொடுக்க வேண்டும் என்றார்கள். மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1993 ஏப்ரலில் அது மறைந்து, வீட்டின் மதிப்புக்கேற்ற வரி வந்தது. அந்த வரியையும் மத்திய அரசு குறிக்கும் அளவுக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் அந்தந்த ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று பின்னர் விதி வந்தது. 2023 செப்டம்பரில், பர்மிங்காம் என்னும் பெருநகரத்தின் மன்றமே இனிப் புதிய செலவு செய்ய இயலாது என்று அறிவித்தது.

இவ்விரண்டும் கற்பிப்பன என்ன? உள்ளூர் வரி அநீதியாக இருந்தால் மக்கள் வெறுப்பார்கள். உள்ளூர் வரியே இல்லையென்றால் மக்கள் மறப்பார்கள். நியாயமான வரி, கேட்கத்தக்க மன்றம் என்னும் இரண்டும் சேர்ந்தால்தான் ஊராட்சி ஊன்றி நிற்கும்.

மன்றம் இல்லாத மாளிகை

நமது கடற்கரைச் சாலையில் நிற்கும் மேரி கட்டடத்தை அறியாதார் இல்லை. பிரெஞ்சு மொழியில் மேரி என்றால் நகரமன்ற இல்லம் என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த அக்கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கியின் உதவியோடு அது பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டது. 2021 பிப்ரவரி 25ஆம் நாள் பிரதமர் அதைத் திறந்துவைத்தார்.

சுவர்கள் எழுந்தது மகிழ்ச்சியே. ஆனால் அது திறக்கப்பட்ட நாளில், எந்த மன்றத்தின் பெயரால் அக்கட்டடம் அழைக்கப்படுகிறதோ அந்த மன்றம் பதவிக்காலம் முடிந்து பத்தாண்டுகளை நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டடத்துக்குப் பணம் தர வாஷிங்டனில் ஒரு வங்கி இருந்தது, திறந்துவைக்க டெல்லியிலிருந்து பிரதமர் வந்தார், உள்ளே அமர்ந்து பேச நமது தெருவிலிருந்து ஒருவரும் இல்லை.

ஸ்மார்ட் சிட்டி என்னும் பொலிவுறு நகரத் திட்டத்திலும் இதே போக்கைக் காணலாம். 2017இல் புதுச்சேரி அத்திட்டத்துக்குத் தேர்வாயிற்று. அதை நடத்தத் தனியொரு நிறுவனம் அமைக்கப்பட்டது. நகராட்சி மன்றத்தின் விவாதத்தையும் வாக்கையும் கடந்து வரவேண்டிய முடிவுகள், நிறுவன இயக்குநர் கூட்டத்தில் முடிந்தன. நாடெங்கும் அத்திட்டத்தின் அமைப்பு அதுதான். மத்தியிலிருந்து வரும் பணம் மன்றத்தைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகச் செல்லும்போது, மன்றம் இருந்தாலும் அதன் கை சற்றுத் தளரும். மன்றமே இல்லாத இடத்தில் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?

"தேர்தல் வந்தால் கட்சிச் சண்டைதான் வரும், அதிகாரிகளே நன்றாக நடத்துகிறார்கள்" என்று கூறும் நண்பர்கள் உண்டு. அவர்கள் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2006 முதல் 2011 வரை இருந்த மன்றங்களில் எல்லாம் இனிதாக நடந்தது என்று எவரும் கூறமாட்டார். திறமையும் நேர்மையும் உடைய ஆணையர்களும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டி நகரம் மிதந்தபோது, உறங்காமல் பணியாற்றிய ஊழியர்கள் இருந்தார்கள்.

ஆனால் வெள்ளம் வடிந்த பின் எழும் கேள்விகள் வேறு. எந்தக் கால்வாயை முதலில் ஆழப்படுத்துவது? எந்தத் தெருவின் வாட்டம் தவறானது? உள்ள பணத்தில் பூங்காவா, வடிகாலா? இவற்றுக்கு ஒரு பொறியாளர் மட்டும் விடையளிக்க முடியாது. அந்தத் தெருவில் மூன்று மழைக்காலம் வாழ்ந்த தாய்மாருக்கு அது தெரியும். அவருடைய சொல் கோப்பில் ஏற வேண்டுமானால், அவரால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் மேசையின் மறுபக்கம் அமர்ந்திருக்க வேண்டும். அதிகாரி மாற்றலாகிச் செல்வார். வார்டு உறுப்பினர் அதே கால்வாயைத் தாண்டித்தான் நாள்தோறும் வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

வார்டு உறுப்பினர் இல்லாத இடத்தில் மக்கள் சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். பத்து லட்சம் வாக்காளர்களுக்கு முப்பது தொகுதிகள் என்னும் சிறிய பிரதேசம் நம்முடையது. ஆதலால் சட்டம் இயற்ற வேண்டியவர் சாக்கடை அடைப்பைக் கவனிக்கிறார். அது அவருடைய நல்லெண்ணம். ஆனால் கால்வாய் தூர்வாருவது குடிமகனின் உரிமை என்பது மறைந்து, அது ஒருவர் செய்யும் உபகாரம் என்றாகிவிடுகிறது. உரிமைக்கும் உபகாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நமது பிள்ளைகள் மறந்துவிட்டால், அது ஒரு தெருவிளக்கு எரியாததைவிடப் பெரிய இருள்.

முதலியார்பேட்டையின் அடையாளமாக ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நின்ற ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் ஆலை 2020 ஏப்ரல் 30ஆம் நாள் முறைப்படி மூடப்பட்டது. ஆலையின் சங்கு ஓய்ந்தது. ஆனால் அதைச் சுற்றி எழுந்த குடியிருப்புகள் அங்கேயே இருக்கின்றன. அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும், வடிகால் வேண்டும். தொழில் மறைந்த இடத்தில் ஊரின் வருவாய்க்கு வழி என்ன, அந்தப் பரந்த இடத்தால் ஊருக்கு என்ன பயன் என்று பேசவேண்டிய முதல் சபை நகரமன்றம். அந்தச் சபையின் கதவு பூட்டிக் கிடந்தால் பேச்சு தேநீர்க் கடையோடு முடிந்துவிடும்.

நாம் செய்யத்தக்கவை

அப்படியானால், குடும்பத் தலைவரும் தலைவியுமாகிய நாம் செய்யக்கூடியது என்ன?

முதலில், வரியை உரிய காலத்தில் செலுத்துவோம். மாடி மேல் மாடி கட்டிவிட்டு, ஓட்டு வீட்டுக்குரிய பழைய வரியையே கட்டிக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே இல்லையா? நாம் மறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் நகராட்சியை மேலும் ஓரடி டெல்லியின் பக்கம் தள்ளுகிறது. கொடுக்காதவன் கேட்கும் கணக்குக்குக் கனமில்லை.

இரண்டாவது, கொடுத்த பின் கேட்போம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நமது முன்னோர். 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி, சிறு கட்டணம் செலுத்தி எந்தக் குடிமகனும் நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தைக் கேட்டுப் பெறலாம். கல்லூரியில் வணிகவியல் படிக்கும் நமது பிள்ளைகள் இருவர் மூவர் சேர்ந்து தங்கள் வார்டின் கணக்கை வாங்கிப் படிக்கட்டும். வீட்டு வரியாக வந்தது எவ்வளவு, மானியமாக வந்தது எவ்வளவு, கால்வாய்க்குச் சென்றது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதட்டும். பாடப்புத்தகம் தராத கல்வி அது.

மூன்றாவது, தேர்தலைக் கேட்போம். எந்தக் கட்சியின் வேட்பாளர் வாக்குக் கேட்டு வாசலுக்கு வந்தாலும், "உள்ளாட்சித் தேர்தலை எந்த ஆண்டில் நடத்துவீர்கள்?" என்று கேட்பது நமது வழக்கமாகட்டும். குறிப்பாகச் சகோதரிகள் கேட்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு இடம் அவர்களுக்கென்று அரசமைப்பே எழுதிவைத்திருக்கிறது. தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாற்காலிகளும் சேர்ந்தே வெறுமையாகக் கிடக்கின்றன.

நான்காவது, டெல்லியிடம் கேட்கவேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். நிதிக்குழுவில் இடம் தாருங்கள் என்னும் கோரிக்கை முதலமைச்சரும் அமைச்சர்களும் மட்டும் பேசும் சங்கதியாக இருக்கக் கூடாது. மாநிலத்துச் சிற்றூர் பஞ்சாயத்துக்கு உரிமையாகக் கிடைப்பது பாகூருக்கும் திருநள்ளாற்றுக்கும் ஏன் கிடைக்கவில்லை என்பது அந்தந்த ஊர் மக்கள் கேட்கவேண்டிய கேள்வி.

மத்திய அரசின் உதவி நமக்குத் தேவை. அதை மறுப்பது மடமை. ஆனால் உதவி வந்து விழும் பெட்டி நமது ஊரில் இருக்கிறது. அந்தப் பெட்டியின் சாவி, ஐந்தாண்டுக்கு ஒரு முறை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவரின் கையில் இருக்க வேண்டும். அவர் தவறினால் திரும்ப வாங்கி மற்றொருவரிடம் கொடுக்கும் வலிமை நமக்கு வேண்டும். 1954இல் கீழூருக்குச் சென்ற நகரமன்ற உறுப்பினர்களுக்கு நமது முன்னோர் அந்தச் சாவியைத்தான் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதை வாங்கி வைத்துக்கொள்ள நமக்கும் உரிமை உண்டு.